ரெஜிபோம் விமானத்துக்கு நாங்கள் கொடுத்த முதலாமிடம்



போன கிழமையிலிருந்து ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. "நம்மட புள்ளைகள்ற மனசில முஸ்லிம் நாட்டுக்கு எதிரா விஷத்த ஊத்துறாங்க இந்த சேர்மார்" என்று ஒரு தகப்பன் கோபத்தோடு பேசியிருக்கிறார். அந்த "சேர்மார்" நாங்கள்தான். அவர் மீது எங்களுக்குக் கோபமில்லை. அவருடைய மகன் எங்கள் கெட்டிக்காரப் பிள்ளைகளில் ஒருவன். ஆனால் பாதிக் கதைதான் ஊருக்குள் நிற்கிறது. மீதியையும் சொல்லவே இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சி வைத்தோம். வழமைபோல எரிமலை, நீர் வடிகட்டி, சூரியக் குடும்பம். தரம் 9 மாணவன் ஒருவன் மட்டும் ரெஜிபோமில் ஒரு விமானத்தோடு வந்தான். பைரக்தார் டிபி-2. துருக்கியின் ஆளில்லாப் போர் விமானம். உண்மையான விமானத்தின் இறக்கைகள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 12 மீற்றர். இவன் பத்தில் ஒன்றாகக் குறைத்து 1.2 மீற்றரில் வெட்டியிருந்தான். கவிழ்த்த "வி" எழுத்துப் போன்ற வால், பின்பக்கத்தில் சுழலும் விசிறி, மூக்கின் கீழே கமரா உருண்டை, எல்லாம் சரியாக இருந்தன. இறக்கைக்குக் கீழே நான்கு பேனைக் கூடுகளுக்குச் சாம்பல் நிறம் பூசி ஏவுகணை ஆக்கியிருந்தான். மேசைக்குக் கீழே ஒரு சின்ன ஸ்பீக்கர். அதிலிருந்து ட்ரோன் பறக்கும் சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது.

நாங்கள் கைதட்டினோம். முதலாமிடமும் கொடுத்தோம். அதை மறைக்கவில்லை. அளவுத்திட்டம், சமநிலை, கைவேலை எல்லாவற்றுக்கும் அது தகுதியானதுதான். ஆனால் உண்மையைச் சொன்னால் எங்கள் புள்ளிகளில் கொஞ்சம் அந்த வாலில் ஒட்டியிருந்த பிறைக்கும் நட்சத்திரத்துக்கும் போனது.

எங்கள் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கும் சேர் முல்லைத்தீவுப் பக்கத்தவர். நியமனம் கிடைத்து வந்து இரண்டு வருடம். அன்று அவர் மண்டப வாசல் வரை வந்து நின்றார். உள்ளே வரவில்லை. மாணவனைப் பார்த்து, "தம்பி, அந்தச் சத்தத்தை ஒருக்கா நிப்பாட்டுங்கோ" என்றார். பிள்ளை நிறுத்தினான். அவர் போய்விட்டார். தலைவலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

இடைவேளைக்குத் தேநீர் குடிக்கும்போது அவராகவே சொன்னார். "எங்கட பக்கம் அதுக்கு வண்டு எண்டு பேர்." 2009 இல் அவருக்கு 14 வயது. "வண்டு மேல நிண்டா அம்மா அடுப்பு மூட்ட மாட்டா, புகை தெரியும் எண்டு. அது சுத்திப் பாத்திட்டுப் போகும். பிறகுதான் கிபிர் வரும், இல்லாட்டி ஷெல் வரும்." அவ்வளவுதான். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

வண்டு என்று வன்னி மக்கள் சொன்னது இலங்கை விமானப்படையின் ஆளில்லா வேவு விமானங்களை. அவை இஸ்ரேலில் வாங்கியவை. முதலில் 1990களின் நடுப்பகுதியில் சுப்பர் ஸ்கவுட், பின்னர் சேர்ச்சர், புளூ ஹொரைசன். அவற்றில் குண்டு இருக்கவில்லை. கண் மட்டும்தான். அந்தக் கண் பார்த்துச் சொன்ன இடத்தில் மற்றது வந்து விழுந்தது. அந்தக் கிபிரும் இஸ்ரேலில் வாங்கியதுதான். காஸாவில் மக்கள் தங்கள் வானத்தில் நிற்பதை "ஸன்னானா" என்கிறார்கள். இரைந்துகொண்டே இருப்பது என்று பொருள். வன்னியில் வண்டு, காஸாவில் ஸன்னானா. ஒருவரையொருவர் அறியாத இரண்டு சனங்கள், இரண்டு பாஷைகள். இரண்டு பேரும் சத்தத்தை வைத்தே பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் காலத்தில் வன்னி வானத்தில் என்ன பறந்தது என்பது எங்கள் ஊரில் பலருக்குக் கவலையாக இருக்கவில்லை. எங்களுக்கும் 1990 இருந்தது. அதை மறக்கச் சொல்லி யாரும் எங்களிடம் கேட்க முடியாது. ஆனால் காஸாவின் ஒவ்வொரு சத்தத்துக்கும் குனூத் ஓதிய நாங்கள், நான்கு ஐந்து மணித்தியாலப் பஸ் பயணத் தூரத்தில் அதே நாட்டில் செய்த அதே இயந்திரத்துக்குக் கீழே பிள்ளைகள் இருந்தார்கள் என்பதை ஒரு கோப்பைத் தேநீர் வரை யோசித்ததே இல்லை.

மறுநாள் அந்த மாணவன் வந்து கேட்டான். "சேர், வண்டு இஸ்ரேல்ட. என்ட துருக்கிட. ரெண்டும் வேற வேற தானே?"

ஆம் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் குரல் பதிவு வந்திருக்காது. தேடிப் பார்த்துச் சொல்கிறோம் என்றோம். இரண்டு கிழமை தேடினோம். அதில் கண்டவற்றைத்தான் வகுப்பில் சொன்னோம்.

துருக்கியும் முதலில் வாங்குகிற நாடாகத்தான் இருந்தது. 1990களில் அமெரிக்காவிடம் நாட்-750 என்ற வேவு விமானத்தை வாங்கியது. 2005 இல் இஸ்ரேலிடம் 10 ஹெரோன் விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டது. இழுபட்டு இழுபட்டு அவை 2010 இல் வந்து சேர்ந்தன. அதே 2010 மே மாதம்தான் காஸாவுக்குப் போன மாவி மர்மரா கப்பலில் துருக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். குண்டு தாங்கிய ட்ரோன்களைத் தாருங்கள் என்று கேட்டபோது அமெரிக்கா கொடுக்கவில்லை. இந்த அவமானத்திலிருந்துதான் சொந்தத் தயாரிப்பு எழுந்தது. பேகார் என்ற நிறுவனம் 1984 இல் வாகன உதிரிப்பாகங்கள் செய்வதற்காக ஆரம்பிக்கப்பட்ட ஒரு குடும்பத் தொழில். தகப்பன் ஓஸ்டெமிர் பைரக்தார். மகன் செல்சுக் அமெரிக்காவில் எம்ஐடியில் படித்துவிட்டுத் திரும்பி வந்தவர், பின்னாளில் எர்டோகானின் மருமகன். பைரக்தார் என்றால் துருக்கி மொழியில் கொடி ஏந்துபவர். பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது எங்களுக்கும் புல்லரித்தது. இதை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. குரல் பதிவில் இந்தப் பகுதி இல்லை.

அடுத்து "தரமுயர்த்தல்" என்பதை விளக்கினோம். எங்களுக்கு அந்த வார்த்தை நன்றாகத் தெரியும். பாடசாலையைத் தரமுயர்த்தினார்கள் என்றால் பெயர்ப்பலகை மாறும், ஆய்வுகூடத்தில் அதே உடைந்த முக்காலி நிற்கும். ஆளில்லா விமானத்தைத் தரமுயர்த்துவது அப்படியல்ல. ஒவ்வொரு தடவையும் அது இன்னும் தூரம் பார்க்கும், இன்னும் நேரம் நிற்கும், இன்னும் பாரம் சுமக்கும். அமெரிக்காவின் பிரிடேட்டர் 1994 இல் முதலில் பறந்தபோது வெறும் கமரா. பொஸ்னியாவில் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தது. இலக்கைக் குறிகாட்டும் லேசர் பொருத்தினார்கள். 2001 பெப்ரவரியில் ஹெல்பயர் ஏவுகணையைப் பொருத்திச் சுட்டுப் பார்த்தார்கள். அதே வருடம் ஒக்டோபரில் அது ஆப்கானிஸ்தானுக்கு மேலே. ஏழு வருடத்தில் கண்ணுக்குக் கை முளைத்தது. டிபி-2 இன் வழியும் அதுதான். கமராவோடு தொடங்கி, 2015 டிசம்பரில் 22 கிலோ எடையுள்ள லேசர் வழிகாட்டும் குண்டைச் சோதித்தது. 2019 இல் குவைத் வெயிலில் 27 மணித்தியாலம் தொடர்ந்து பறந்து காட்டியது. பிறகு அக்கின்ஜி, கப்பலில் ஏறி இறங்கும் டிபி-3. ரீப்பர் ஒன்றுக்கு ஏறத்தாழ 30 மில்லியன் டொலர் சொல்கிறார்கள். டிபி-2 க்கு ஏறத்தாழ 5 மில்லியன். அதனால்தான் முன்பு நினைத்துப் பார்க்காத நாடுகளும் வரிசையில் நிற்கின்றன.

இன்னொரு கிளைக்கதை. பிரிடேட்டருக்கு மூலம் போட்டவர் ஆப்ரகாம் கரெம். பிறந்தது பக்தாதில், ஒரு யூதக் குடும்பத்தில். வளர்ந்து வேலை செய்தது இஸ்ரேலில். பிறகு அமெரிக்கா போய் வீட்டுக் கராஜில் விமானம் கட்டினார். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். பக்தாத் பிள்ளையின் கைவேலை பிறகு ஈராக் வானத்திலேயே பறந்தது.

கராபாக் போருக்கு வருவோம். 2020 இல் அந்தப் போரின் ட்ரோன் வீடியோக்களை நாம் எல்லோரும் பகிர்ந்தோம். அசர்பைஜான் வென்றது, துருக்கி ட்ரோன் வென்றது என்று சந்தோஷப்பட்டோம். அதே அசர்பைஜான் அதே போரில் இஸ்ரேலிடம் வாங்கிய ஹாரொப்பையும் பறக்கவிட்டது. இலக்கைக் கண்டதும் தானே போய் விழுந்து வெடிக்கும் விமானம் அது. ஒரே வானத்தில், ஒரே இராணுவத்துக்காக, பைரக்தாரும் ஹாரொப்பும் சேர்ந்து வேலை செய்தன. நாம் பகிர்ந்த வீடியோக்களில் எது எதனுடையது என்று யார் பார்த்தோம்?

அந்தப் பைரக்தாருக்குள் இருந்த கண்ணும் துருக்கியுடையதல்ல. கனடாவில் செய்த கமரா. எஞ்சின் ஆஸ்திரியாவின் ரொடெக்ஸ். கராபாக்குக்குப் பிறகு கனடா கமரா அனுமதியை நிறுத்தி, 2021 ஏப்ரலில் முற்றாக ரத்துச் செய்தது. துருக்கி தன் அசெல்சான் நிறுவனத்தின் கமராவைப் பொருத்திக்கொண்டது. சுவீடன் நேட்டோவில் சேர்வதற்குத் துருக்கி சம்மதித்ததும், 2024 ஜனவரியில் கனடா கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. அதாவது ஒரு கமராவுக்கும் ஒரு வாக்குக்கும் நடுவில் பேரம். இந்தப் பேரத்தில் கராபாக்கில் செத்தவன் ஆர்மேனியனா அசர்பைஜானியனா என்பது ஒரு வரியும் இல்லை.

லிபியாவில் இன்னும் மோசம். திரிப்போலியைக் காக்கத் துருக்கி டிபி-2 கொடுத்தது. முற்றுகை உடைந்ததில் அதற்குப் பெரிய பங்கு, அந்த நகரத்துச் சனங்கள் தப்பினார்கள், அதையும் சொன்னோம். முற்றுகையிட்ட பக்கத்துக்கு ஐக்கிய அரபு இராச்சியம் சீனாவின் விங் லூங் ட்ரோன்களைக் கொண்டுவந்தது. 2020 ஜனவரி 4 இல் திரிப்போலி இராணுவக் கல்லூரி முற்றத்தில் நின்ற 26 மாணவப் படையினர் கொல்லப்பட்டது அப்படி ஒன்றினால்தான். மேலே நின்றவை இரண்டும் முஸ்லிம் நாடுகள் அனுப்பியவை. கீழே இருந்தவர்களும் முஸ்லிம்கள்.

இனி வாங்கிய நாடுகள். உக்ரைன், போலந்து, கட்டார், மொரோக்கோ, எத்தியோப்பியா, புர்கினா பாசோ, பங்களாதேஷ், நமக்குப் பக்கத்தில் மாலைதீவு. காசு உள்ளவன் வாங்குகிறான். எத்தியோப்பிய அரசு வாங்கியது. 2022 ஜனவரியில் திக்ரே பகுதியில் டெடெபிட் என்ற இடத்தில், வீடிழந்த மக்கள் தங்கியிருந்த ஒரு பாடசாலை வளவின் மீது ட்ரோன் தாக்குதல். 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே கிடந்த துண்டுகள் எம்ஏஎம்-எல் குண்டினுடையவை. துருக்கியின் ரொக்கெட்சான் செய்கிற குண்டு அது. எங்கள் மாணவன் பேனைக் கூட்டில் செய்து தொங்கவிட்டிருந்தானே, அதேதான்.

இதைச் சொன்னபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. பாடசாலை வளவு என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு என்னவென்று தெரியும். சுனாமிக்குப் பிறகு எங்கள் சனம் எங்கே படுத்தது? பாடசாலையில்தான்.

2023 இன் பிற்பகுதியில் புர்கினா பாசோ இராணுவத்தின் மூன்று தாக்குதல்கள். இரண்டு நெரிசலான சந்தைகளில், ஒன்று ஒரு மரணச் சடங்கில். குறைந்தது 60 பொதுமக்கள் இறந்ததாக ஹியூமன் ரைட்ஸ் வோட்ச் பதிவு செய்திருக்கிறது. அரசு அவற்றைத் தீவிரவாதிகளைக் கொன்றதாகத் தொலைக்காட்சியில் காட்டியது. அந்த நாட்டில் பெரும்பான்மை முஸ்லிம்கள். அங்கும் பறந்தது டிபி-2.

நைஜீரியாவில் 2023 டிசம்பர் 3 இரவு, கடுனா மாநிலத்தில் துடுன் பிரி என்ற கிராமத்தில் மௌலிது மஜ்லிஸுக்குக் கூடியிருந்தவர்கள் மீது இராணுவத்தின் ட்ரோன் குண்டு போட்டது. குறைந்தது 85 பேர். முதல் குண்டில் விழுந்தவர்களைத் தூக்க ஓடியவர்கள் மீது இரண்டாவது விழுந்தது. தவறாக நடந்துவிட்டது என்று இராணுவம் மன்னிப்புக் கேட்டது. இதைத் துருக்கியின் கணக்கில் நாங்கள் எழுதவில்லை, வகுப்பிலும் அப்படிச் சொல்லவில்லை. சொந்த இராணுவம், சொந்த மக்கள், ரபீஉல் அவ்வல் மாதத்து மௌலிதைப் போல ஒன்று. பெண்களும் பிள்ளைகளும் கூடியிருந்த கூட்டம் மேலேயிருந்து பார்த்தவனுக்கு ஆயுதக் குழுவாகத் தெரிந்திருக்கிறது. கமரா தரமுயர்ந்துதான் இருந்தது.

இவ்வளவுதான் நாங்கள் சொன்னது. துருக்கி கெட்ட நாடு என்று சொல்லவில்லை. முஸ்லிம் நாடுகள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற அளவுக்கு நாங்கள் வெள்ளந்திகள் இல்லை. காஸாவைப் பார்த்த பிறகு ஆயுதமில்லாதவனின் நிலை என்னவென்று யாருக்குத்தான் தெரியாது? 2022 இல் லிதுவேனிய மக்கள் உக்ரைனுக்கு ஒரு டிபி-2 வாங்கிக் கொடுக்கக் காசு சேர்த்தபோது நிறுவனம் அதை இலவசமாகக் கொடுத்ததையும் பிள்ளைகளுக்குச் சொன்னோம். ஆனால் விற்பனை ஒப்பந்தத்தில் உம்மத் என்றொரு பந்தி இல்லை. கொடி வாலில் ஒட்டியிருக்கிறது. குண்டு எங்கே விழ வேண்டும் என்பதை வாங்கியவன் தீர்மானிக்கிறான்.

"அப்ப இந்தியாவும் வாங்குதே, அதப் பத்தி ஏன் சொல்லல்ல?" என்று குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். அதையும் சொன்னோம். 2024 ஒக்டோபரில் இந்தியா அமெரிக்காவிடம் 31 எம்கியூ-9பி வாங்க ஒப்பமிட்டது. 15 கடற்படைக்கு, மிச்சம் 16 இராணுவத்துக்கும் விமானப்படைக்கும் எட்டெட்டாக. அதற்கு முன்பே குத்தகைக்கு எடுத்த இரண்டு, அரக்கோணத்திலிருந்து பறந்துகொண்டிருந்தன. அதில் ஒன்று 2024 செப்டெம்பரில் வங்காள விரிகுடாவில் விழுந்தது. நமது மீனவர்களுடைய கடலும் அதுதான்.

அந்த மாணவனிடம் மாதிரியை மாற்று, குண்டைக் கழற்று என்று நாங்கள் சொல்லவே இல்லை. முதலாமிடத்தையும் திரும்ப எடுக்கவில்லை. இரண்டு நாள் அவன் எங்களோடு சரியாகப் பேசவில்லை. வாப்பாவிடம் அழுதிருக்கிறான் என்று இப்போது தெரிகிறது. அவனுக்கு வலித்ததற்கு நாங்கள்தான் பொறுப்பு. வகுப்புக்கு முன்னால் சொல்லாமல் முதலில் அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்க வேண்டும். அந்த இடத்தில் நாங்கள் பிழைவிட்டோம். வாப்பாவிடம் அதற்கு மன்னிப்புக் கேட்கிறோம். சொன்ன விடயங்களுக்கு அல்ல.

மூன்றாம் நாள் அவன் ஒரு பிறிஸ்டல் போர்ட் அட்டையோடு வந்தான். இடப் பக்கம் விமானத்தின் அளவுகள். வலப் பக்கம் இரண்டு நிரல். ஒன்றில் வாங்கிய நாடு, மற்றதில் விழுந்த இடம். டெடெபிட்டை நேராக எழுதுவதற்குள் இரண்டு தடவை வெட்டியிருந்தான். கடைசி வரியில் பென்சிலால் "இலங்கை - இஸ்ரேலிடம் - வன்னி" என்று எழுதி, பேனையால் எழுதலாமா என்று கேட்டான். கணித சேரிடம் கேள் என்றோம். கேட்டான். அவர் கொஞ்ச நேரம் அட்டையைப் பார்த்துவிட்டு, "எழுதுங்கோ தம்பி. ஆனா அது குண்டு போடேல்லை எண்டதையும் எழுதுங்கோ. பாத்துத்தான் சொன்னது" என்றார்.

வலய மட்டப் போட்டி அடுத்த மாதம். மாதிரியும் அட்டையும் சேர்ந்து போகின்றன. வாப்பாவுக்கும், விருப்பமுள்ள மற்றப் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு ஆய்வுகூடத்துக்கு வாருங்கள். விமானம் அங்கேதான் இருக்கிறது. கேட்க வேண்டியதை எங்கள் முகத்துக்கு நேரே கேளுங்கள், குரல் பதிவு வேண்டாம். கணித சேரும் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

வலது பக்க இறக்கை கொஞ்சம் தொங்குகிறது. ரெஜிபோம் 1.2 மீற்றரைத் தாங்கவில்லை. தச்சு வேலை செய்கிற யாரிடமாவது மெல்லிய, பாரம் குறைந்த பலகைத் துண்டு இருந்தால் வரும்போது கொண்டுவந்து தாருங்கள்.